நின்றவர்களின் கணக்கு

மியான்மரின் வெறுங்கைச் சண்டையான லெத்வேயில் சாம்பியன் ஒருவர் ஓய்வு அறிவித்ததும் யாராவது அவருடைய மொத்தக் கணக்கை எடுத்துப் போடுவார்கள். இத்தனை போட்டி, இத்தனை வெற்றி, இத்தனை தோல்வி, இத்தனை டிரா. மேலைக் குத்துச்சண்டையும் தாய்லாந்தின் முவே தாயும் பார்த்துப் பழகியவர்கள் அந்தக் கடைசி எண்ணில் வந்து தடுக்கி நிற்பார்கள். சாம்பியன் என்கிறீர்கள், எப்படி இவ்வளவு டிரா? ஆள் பெரிதாக ஒன்றும் இல்லையோ? இந்தக் கேள்வி எத்தனை முறை வந்தாலும் எனக்கு உறுத்துகிறது. அந்த மனிதர் பத்துப் பதினைந்து வருடம் வெறுங்கையோடு மேடையேறிச் சம்பாதித்ததில் பெரும்பகுதி அந்த டிரா எண்ணுக்குள்தான் இருக்கிறது. கேட்பவர்களோ அதைத்தான் கழித்துவிட்டுப் பார்க்கிறார்கள்.

மியான்மரின் பாரம்பரிய விதிப்படி லெத்வேயில் புள்ளி கிடையாது. மேடையோரம் உட்கார்ந்து மதிப்பெண் போடும் நடுவர்களும் கிடையாது. ஒரு சுற்று மூன்று நிமிடம், மொத்தம் ஐந்து சுற்று, சுற்றுக்கு நடுவே இரண்டு நிமிட ஓய்வு. எதிராளி எழ முடியாமல் போக வேண்டும், அல்லது முடியாது என்று கைவிட வேண்டும், அல்லது மருத்துவரோ மேடைக்குள் நிற்கும் நடுவரோ நிறுத்த வேண்டும். இவற்றில் எதுவும் நடக்காமல் ஐந்தாவது சுற்றின் மணி அடித்து இருவரும் காலில் நின்றால் டிரா. நான்கு சுற்று முழுக்க அடித்துத் துவைத்தவனுக்கும் டிரா, அடி வாங்கிக்கொண்டே நின்றவனுக்கும் டிரா.

இது நியாயமா என்று கேட்டால், ஆமாம் என்பதுதான் என் பதில். அப்படிச் சொல்லும்போதே உள்ளே ஒன்று நெருடுகிறது. அதைப் பற்றியும் எழுதத்தான் உட்கார்ந்தேன்.

டிராவுக்குள் நடப்பது

புள்ளி இருக்கும் விளையாட்டில் மூன்று சுற்று முன்னிலையில் இருப்பவன் கடைசிச் சுற்றில் ஒதுங்கி ஆடலாம். தூரத்தைக் காத்துக்கொண்டு, நேரத்தைக் கடத்தி, கையைத் தூக்கிவிட்டு இறங்கிவிடலாம். லெத்வேயில் அதே ஆளுக்கு நிலைமை நேர் எதிர். நான்கு சுற்றில் சேர்த்தது எதுவும் கையில் இல்லை. வெற்றி வேண்டுமென்றால் ஐந்தாவது சுற்றில் அவன்தான் உள்ளே போக வேண்டும். அடி வாங்கியவனுக்கு இருக்கும் வேலை ஒன்றுதான்: மூன்று நிமிடம் நிற்பது. கழுத்தைப் பிடித்து ஒட்டிக்கொள்வது, எதிராளியின் முழங்கைக்குள் தலையைச் செருகுவது, கயிற்றில் சாய்ந்து மூச்சு வாங்குவது, நெருங்கி வருபவனை முன்னங்காலால் வயிற்றில் தள்ளிவிடுவது. உள்ளே விரைபவன் தாடையைத் திறந்துகொண்டு வருகிறான் என்பதால், களைத்துப்போனவனின் ஒரே ஒரு முழங்கை ஆட்டத்தையே புரட்டிவிடும். லெத்வேயின் கடைசிச் சுற்றில் ஆள் விழுவதற்கு இதுதான் காரணம். ஜெயித்துக்கொண்டிருந்தவன் விழுவதும் இப்படித்தான்.

ஆகவே பெரிய சாம்பியனோடு டிரா செய்த இளைஞன் தோற்றவன் மாதிரி வீட்டுக்குப் போவதில்லை. ஊரில் அவன் பெயர் ஏறும். அடுத்த போட்டிக்கு அவனைக் கூப்பிடுகிற ஏற்பாட்டாளர் கூடுதல் பணம் பேசியாக வேண்டும். யாருடன் ஐந்து சுற்று நின்றான் என்பது ஒரு வீரனின் தராதரத்தைச் சொல்லும். மோன், கரேன் மாநிலங்களின் ஊர்த் திருவிழாக்களில் ரசிகர்கள் பேசிக்கொள்வதும் அதைத்தான்.

எண்ணிக்கை முறையும் இதே மனநிலையிலிருந்து வந்ததுதான். விழுந்தவனுக்கு நடுவர் பத்து எண்ணுகிறார். ஆனால் ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இரண்டு வினாடி. ஆக இருபது வினாடி கிடைக்கிறது. மேலைக் குத்துச்சண்டையில் கிடைப்பதைப் போல இரண்டு மடங்கு. ஒரே சுற்றில் மூன்று முறை எண்ணினால் தோல்வி. மொத்த ஆட்டத்தில் நான்கு முறை எண்ணினாலும் தோல்வி. அனுபவமுள்ளவன் ஏழு, எட்டு வரை ஒரு முழங்காலில் உட்கார்ந்தே இருப்பான். சட்டென்று துள்ளி எழுந்து திடமாக இருப்பதாகக் காட்டிக்கொள்பவன் புதியவன். அந்தப் பதினைந்து வினாடி ரத்தம் மேலே ஏறுவதற்கான நேரம். அதை வீணடிப்பவனை மூலையில் நிற்கும் ஆசிரியர் திட்டித் தீர்ப்பார். ஆசிரியரை அங்கே ‘ஸயா’ என்பார்கள்.

இன்று நாம் பார்க்கும் நவீன லெத்வேயின் விதிகளுக்கு உருவம் கொடுத்தவராக சா பா ஞேன் பெயரைச் சொல்வார்கள். 1950களில் மேலைக் குத்துச்சண்டை அனுபவத்தோடு வந்து, மோன், கரேன் பகுதிகளில் சுற்றி, அங்கிருந்த வீரர்களோடு பயிற்சி செய்து, மணல் குழியில் நடந்த ஊர்ச்சண்டையைக் கயிறு கட்டிய மேடைக்கும் சுற்றுக் கணக்குக்கும் கொண்டுவந்தார். மேலை நாட்டு விளையாட்டை அறிந்த அவருக்குப் பிறகும் லெத்வேயில் புள்ளிமுறை வேர் பிடிக்கவில்லை. எனக்கு இது முக்கியமாகப் படுகிறது.

துணி, விரல் எலும்பு, நெற்றி

கையுறை இல்லை என்றதும் பலர் கை அப்படியே வெறுமையாக இருக்கும் என்று நினைக்கிறார்கள். காயத்துக்குக் கட்டும் காஸ் துணியும் ஒட்டுப்பட்டையும் சுற்றுவார்கள். மணிக்கட்டில் இறுக்கமாகத் தொடங்கி, உள்ளங்கையைச் சுற்றி, விரல் இடுக்குகள் வழியாக எடுத்து, மறுபடியும் மணிக்கட்டுக்கு வந்து முடியும். இந்தத் துணி எதிராளிக்கு மெத்தை இல்லை. அடிப்பவனின் மணிக்கட்டு மடங்காமலும், புறங்கை எலும்புகள் அடி விழும் நேரத்தில் விரிந்துகொள்ளாமலும் கட்டிவைப்பதுதான் அதன் வேலை. தளர்வாகக் கட்டினால் இரண்டாம் சுற்றுக்குள் வியர்வையிலும் தண்ணீரிலும் ஊறிச் சுருண்டு உள்ளங்கைக்குள் வந்துவிடும். அப்புறம் கை சரியாக மூடாது. மூடாத கையால் அடித்தால் விரல் போகும். அதிக இறுக்கமாகக் கட்டினால் விரல் மரத்து, கை மூடியிருக்கிறதா என்றே தெரியாது. அதனால்தான் கட்டி முடித்ததும் விரல் நுனியை அழுத்திப் பார்ப்பார்கள். வெளுத்த இடத்தில் உடனே சிவப்புத் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் அவிழ்த்துத் திரும்பக் கட்ட வேண்டும்.

கை உடைவது பெரும்பாலும் சுண்டுவிரல், மோதிரவிரல் பக்கத்துப் புறங்கை எலும்பில்தான். வீச்சாக வரும் குத்து கொஞ்சம் தவறி, முதல் இரண்டு கணுவுக்குப் பதில் கடைசி இரண்டு கணு பட்டால் போதும். எங்கே படுகிறது என்பதில்தான் லெத்வேயின் தந்திரம் இருக்கிறது. தாடையைக் குறிபார்த்து வரும் முஷ்டிக்கு, தேர்ந்த வீரன் தலையைத் தாழ்த்தி நெற்றியைக் கொடுப்பான். முகத்தில் நெற்றி எலும்புதான் கெட்டி. தடித்த கையுறை போட்டவனுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. துணி மட்டும் சுற்றியவனுக்கு அந்த ஒரு குத்தோடு வலதுகை முடிந்துவிடலாம். அதன் பிறகு அவன் முழங்கையாலும் முழங்காலாலும் மட்டுமே ஆட வேண்டியிருக்கும். எதிராளிக்கு அது தெரிந்துவிட்டால் போச்சு.

தலையால் முட்டுவது சட்டப்படி அனுமதி உள்ள சண்டை இது. இரு கை, இரு முழங்கை, இரு முழங்கால், இரு பாதம், இவற்றோடு ஒன்பதாவது ஆயுதம் தலை. இதைக் காட்டுமிராண்டித்தனம் என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிறவர்கள் அதன் நுட்பத்தைப் பார்த்ததில்லை. முட்ட வேண்டிய இடம் மயிர் தொடங்கும் வரிக்குச் சற்றுக் கீழே. புருவ மட்டத்தில் முட்டினால் முட்டியவனின் புருவமே கிழியும். படவேண்டிய இடம் எதிராளியின் மூக்கு, கன்ன எலும்பு, புருவ விளிம்பு. தூரத்திலிருந்து பாய்ந்து முட்டுவது பெரும்பாலும் கைகூடாது. பாயும் நேரத்தில் தாடை நிமிர்ந்துவிடும், எதிரே வரும் முழங்காலில் முகம் போய் மோதும். கழுத்தைப் பிடித்து ஒட்டியிருக்கும் நேரத்தில், எதிராளி மூச்சு வாங்கத் தலையை லேசாகத் தூக்கும் கணத்தில், கழுத்தை இழுத்துக்கொண்டே ஓர் அங்குலம் இரண்டு அங்குல தூரத்தில் கொடுப்பதுதான் வேலை செய்யும். முவே தாயிலிருந்து வருபவர்கள் முதல் போட்டியிலேயே இதில் மாட்டுவார்கள். அவர்கள் கற்ற பிடிச்சண்டையில் நெற்றியும் நெற்றியும் ஒட்டி நிற்பது ஓய்வெடுக்கும் இடம். இங்கே அது வெட்டும் இடம்.

வெட்டு எங்கே விழுகிறது என்பதும் கணக்குத்தான். கண்ணுக்குக் கீழே கிழிந்தால் பார்க்கப் பயங்கரமாக இருக்கும், ஆட்டத்துக்கு ஒன்றும் இல்லை. புருவத்தில் கிழிந்தால் ரத்தம் நேராகக் கண்ணுக்குள் இறங்கும், அந்தப் பக்கத்திலிருந்து வரும் வீச்சு தெரியாது. மூலையில் இருப்பவர்கள் துடைத்துக்கொண்டே இருந்தால் நிற்காது. சுத்தமான துணியை வைத்து விடாமல் ஒரே அழுத்தாக அழுத்த வேண்டும், பிறகு வாஸலின் அப்ப வேண்டும். எதிராளியின் பல் பட்டு விரல் கணுவில் ஏற்படும் சிறு காயத்தை யாரும் மதிப்பதில்லை. உண்மையில் ஆபத்தானது அதுதான். வாய்க் கிருமி மூட்டுக்குள் போய், மறுநாளே கை வீங்கிச் சீழ் வைக்கும். உடனே நன்றாகக் கழுவி, ஆன்டிபயாட்டிக் போடாவிட்டால் அந்த விரல் பிறகு முழுதாக மடங்காது. பல வருடம் ஆடியவர்களின் கைகளைப் பாருங்கள். முஷ்டி பிடிக்கும்போது ஒரு கணு உள்ளே புதைந்திருக்கும், ஒரு விரல் மற்றவற்றோடு சேராது.

அந்த இரண்டு நிமிடம்

பாரம்பரிய லெத்வேயில், வேறு எந்தச் சண்டையிலும் நான் பார்க்காத விதி ஒன்று இருக்கிறது. ஒரு வீரன் ஆட்டத்தில் ஒரே ஒரு முறை இரண்டு நிமிட நேரம் கேட்கலாம். அவனே கேட்கலாம், மூலையில் நிற்கும் அவனுடைய ஆட்களும் கேட்கலாம். ஐந்தாவது சுற்றில் மட்டும் கேட்க முடியாது. காலில் அடிபட்டிருக்கலாம், வயிற்றில் வாங்கி மூச்சுத் திணறலாம். நினைவே தப்பி விழுந்து கிடந்தாலும் கேட்கலாம். இரண்டு நிமிடம் கழித்து எழுந்து வந்தால் ஆட்டம் தொடரும்.

அந்த இரண்டு நிமிடத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். நடுமேடையில் கிடப்பவனை இரண்டு பேர் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி மூலைக்கு இழுத்து வருவார்கள். கால் இரண்டும் தரையில் கோடு போட்டுக்கொண்டே வரும். உட்காரவைத்ததும் ஒருவர் பிடரியில் ஐஸை அழுத்துவார். இன்னொருவர் தலையில் தண்ணீரை ஊற்றுவார். ஒருவர் தொடையையும் கையையும் தேய்த்துக்கொண்டே இருப்பார். ஸயா முகத்துக்கு நேராகக் குனிந்து பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அவன் கண் ஸயாவைத் தாண்டி எங்கோ பார்த்துக்கொண்டிருக்கும். மேடைக்குக் கீழே மேளம் நிற்பதில்லை. ஆட்டம் முழுக்க அடித்துக்கொண்டிருந்த ஸைங் வாத்தியக் குழு, ஹ்னே என்கிற நாயனத்தோடும் தாளத்தோடும், வேகம் குறைத்து வாசித்துக்கொண்டே இருக்கும். ஒரு நிமிடம் தாண்டியதும் கண் ஓரிடத்தில் நிலைக்கும். தலையை ஆட்டுவான். எழுந்து நிற்பான். கூட்டம் கத்தும். அவன் நடுவே வந்து, இடதுகையை மடித்து, வலது உள்ளங்கையால் புயத்தில் ஓங்கித் தட்டுவான். லெக்கமவுன் என்று அதற்குப் பெயர். நம் மல்லர்கள் தொடை தட்டி அழைப்பதைப் போல அங்கே புயம் தட்டி அழைக்கிறார்கள். ஆட்டம் தொடங்கும் முன்பும், ஜெயித்த பின்பும் செய்வது அது. விழுந்து எழுந்தவன் அதைச் செய்கிறபோது அரங்கமே எழுந்து நிற்கும்.

என் அபிப்பிராயம் ஓரிடத்தில் நிலைகொள்ளாமல் போவது இங்கேதான். அந்தக் காட்சியின் கம்பீரம் எனக்குப் புரிகிறது. தோல்வியை இன்னொருவர் முடிவு செய்யக் கூடாது, விழுந்தவனே முடிவு செய்யட்டும் என்கிற எண்ணம் அதற்குள் இருக்கிறது. புள்ளி இல்லாததும் அதே எண்ணத்தின் இன்னொரு பக்கம்தான். ஆனால் அந்த இரண்டு நிமிடத்தில் முடிவு செய்பவன் யார்? தாடையில் அடிபட்டு நினைவு தப்பியவனுக்கு மூளை குலுங்கியிருக்கிறது. கூப்பிட்டால் பதில் சொல்வதும் காலில் நிற்பதும் மூளை சரியாகிவிட்டது என்பதற்குச் சான்று ஆகாது. பல நாடுகளில் குத்துச்சண்டை ஆணையங்கள் நாக் அவுட் ஆனவரை 30 நாள், 60 நாள், சில சமயம் 90 நாள் மேடையேற விடுவதில்லை. இங்கே அந்த இடைவெளி 120 வினாடி. முதல் அடியிலிருந்து மீளாத மூளை இரண்டாவது அடியைத் தாங்கும் விதமே வேறு. கழுத்துத் தசை தளர்ந்திருக்கும், எதிர்வினை தாமதமாகும், கண்ணுக்குத் தெரிகிற அடிக்கே தலை விலகாது.

நான் வந்து சேர்ந்திருக்கும் இடம் இதுதான்: புள்ளி இல்லாத முறை இருக்கட்டும், டிரா இருக்கட்டும், இரண்டு நிமிடமும் இருக்கட்டும். காலுக்கு இருக்கட்டும், விலாவுக்கு இருக்கட்டும், மூச்சுக்கும் வெட்டுக்கும் இருக்கட்டும். நினைவு தப்பியவனுக்கு மட்டும் வேண்டாம். விழும்போது கை விறைத்து முன்னால் நீண்டுகொண்டாலோ, கையூன்றாமல் மரம் சாய்வது போல விழுந்தாலோ, கண் நிலைகுத்தினாலோ அது நினைவு தப்பியதன் அடையாளம். மேடையோரத்தில் நிற்கும் மருத்துவரால் அதைப் பார்த்ததுமே சொல்ல முடியும். அங்கே எண்ணவும் வேண்டாம், நேரம் கொடுக்கவும் வேண்டாம்.

2016, யாங்கோன்

இந்த விதியெல்லாம் ஒரு சாம்பியனின் வாழ்க்கையை எப்படி வளைக்கிறது என்பதற்கு துன் துன் மின்னை எடுத்துக்கொள்ளலாம். மோன் மாநிலத்துக்காரர், எடை வரம்பில்லாப் பிரிவின் அப்போதைய சாம்பியன். 2016 அக்டோபரில் அவரும் கனடாவின் டேவ் லெடுக்கும் யாங்கோனில் மோதினார்கள். ஐந்து சுற்றும் முடிந்து இருவரும் நின்றார்கள். டிரா. புள்ளிமுறை இருந்திருந்தால் அன்றே ஒருவர் கை உயர்ந்திருக்கும், பேச்சு அதோடு முடிந்திருக்கும். டிரா ஆனதால் முடியவில்லை. மறுபடி மோத வேண்டும் என்று எல்லோரும் கேட்டார்கள். இரண்டே மாதத்தில், டிசம்பரில், மறுபடி மோதினார்கள். கால் காயத்தால் துன் துன் மின்னால் தொடர முடியாமல் போனது. பட்டம் லெடுக்கிடம் போனது.

அந்த இரண்டு முடிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பதிவேட்டில் ஒரு டிரா, ஒரு தோல்வி. டிசம்பர் முடிவு மட்டும் தெரிந்தவருக்கு ஒரு கால் காயம் மட்டும் தெரியும். இருவரும் எவ்வளவு அருகருகே நின்ற ஆட்கள் என்பது அக்டோபர் டிராவில்தான் இருக்கிறது.

வெளிநாட்டவர் வந்து மோதுவது அப்போது புதிதல்ல. 2004இல் யாங்கோனில் ஜப்பானின் அகிதோஷி தமுரா மியான்மர் வீரரை இரண்டாவது சுற்றில் வீழ்த்தியபோதே அந்தக் கதவு திறந்துவிட்டது. தாய்லாந்து எல்லையில் மே ஸோட் பக்கம் ஏப்ரல் புத்தாண்டுச் சமயத்தில் இரு நாட்டு வீரர்களும் மோதுவது அதற்கும் முந்தைய பழக்கம். ஆனால் 2017 மார்ச்சில் யாங்கோனில் தொடங்கிய உலக லெத்வே சாம்பியன்ஷிப் விதியையே மாற்றியது. மேடையோரம் நடுவர்கள் வந்தார்கள், புள்ளி வந்தது, இரண்டு நிமிட நேரம் போனது. தலைமுட்டலும் வெறுங்கையும் அப்படியே இருந்தன. தொலைக்காட்சியில் பார்ப்பவனுக்கு வெற்றியாளர் வேண்டும் என்பது அவர்கள் வாதம், அதில் அர்த்தம் இருக்கிறது. இரண்டு நிமிடத்தை எடுத்ததை நான் பாதி மனதோடு ஏற்கிறேன். புள்ளியைக் கொண்டுவந்ததை ஏற்க முடியவில்லை. புள்ளி வந்ததும் ஐந்தாவது சுற்றின் குணம் மாறிவிட்டது. முன்னிலையில் இருப்பவன் பின்வாங்கக் கற்றுக்கொண்டான்.

ஓய்வுக்குப் பிறகு

பகோடாத் திருவிழாவில் சிறுவனாக மணலில் தொடங்கியவர்தான் பெரும்பாலும் பெரிய சாம்பியன் ஆகிறார். அறுவடை முடிந்த வறண்ட மாதங்களில், கரேன் புத்தாண்டை ஒட்டி, கரேன் மாநிலத் தலைநகர் பா-ஆன் சுற்றுவட்டாரத்திலும் மோன் ஊர்களிலும் போட்டி மேல் போட்டி நடக்கும். ஒரு பருவத்தில் பல முறை மேடையேறுவது சாதாரணம். ஊர்த் திருவிழாச் சண்டைகள் எல்லாம் எழுத்தில் ஏறுவதில்லை. ஆகவே இணையத்தில் கிடைக்கும் கணக்கு யாங்கோனின் தெய்ன் பியு அரங்கு போன்ற பெரிய இடங்களில் நடந்தவற்றின் கணக்கு. மணலில் நடந்தவை அதற்கு வெளியே இருக்கின்றன.

ஓய்வு பெற்றவர்களில் பலர் ஊரிலேயே ஒரு கூரை போட்டு, குத்திப் பழக இரண்டு மூட்டை தொங்கவிட்டு, பையன்களைச் சேர்த்துக்கொள்கிறார்கள். அங்கே முதலில் கற்றுத்தருவது குத்து அல்ல. பையன் கையை நீட்டுவான். ஸயா காஸை மணிக்கட்டில் வைத்துச் சுற்றத் தொடங்குவார். தன்னுடைய சேராத விரலாலேயே துணியைப் பிடித்து இழுப்பார். சுண்டுவிரல் பக்கத்துக்கு ஒரு சுற்று அதிகம் போடுவார். கையை மூடச் சொல்வார், திறக்கச் சொல்வார், நகத்தை அழுத்திப் பார்ப்பார்.

அப்படிப்பட்ட ஒருவரின் கணக்கை எழுதுபவர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. டிரா என்று ஒரு எண்ணைப் போட்டு நிறுத்தாதீர்கள். ஒவ்வொரு டிராவுக்கும் பக்கத்தில் மூன்று விவரம் சேருங்கள்: எதிரே நின்றவர் யார், இருவருக்கும் எத்தனை முறை எண்ணினார்கள், இரண்டு நிமிட நேரத்தை யார் எந்தச் சுற்றில் எடுத்தார்கள். ஒளிப்பதிவு கிடைக்கிற போட்டிகளுக்கு இதைச் செய்ய முடியும். ஒரு போட்டிக்கு அரை மணி நேரம் போதும். ஐந்து சுற்று 15 நிமிடம், இடைவேளை 8 நிமிடம், யாராவது நேரம் கேட்டிருந்தால் இன்னும் 2 நிமிடம், எண்ணிக்கைகள் சில வினாடி.